அடங்காப் பிள்ளைகளின் அன்னை மரியா மாண்டிசோரி அம்மையார்

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், கல்விக்கென உழைத்த பெரியோர் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் இடம்பெறச் செய்வது பொருத்தமுடையது. அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசனார், எம்.சி. இராசா ஆகியோரின் வரலாறுகளை நம் இளைஞர்கள் பலகாலும் படித்தும் கேட்டும் அறிவர். இம்முறை நாம் எடுத்துக்கொள்வது, இத்தாலி நாட்டிலே பிறந்து, நம் சென்னையிலும் கொடைக்கானலிலும் பல ஆண்டுகள் வாழ்ந்து பணியாற்றிய மரியா மாண்டிசோரி அம்மையாரின் வரலாறாகும்.

அதற்குத் தக்க காரணம் உண்டு. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தேறியவர்களுக்குப் பரிசு, கல்லூரி செல்வோர்க்கு உதவித்தொகை என்று நம் கழகம் 25 ஆண்டுகளாகத் தொண்டாற்றி வந்துள்ளது. மேடையேறிப் பரிசு பெறும் பிள்ளைகளைக் கண்டு நாம் பூரிக்கின்றோம். ஆனால் அந்த மேடைக்கு வராமலே போய்விட்ட பிள்ளைகளை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? ஒன்றாம் வகுப்பில் ஓரிடத்தில் அமர மாட்டாதவன், பக்கத்துப் பிள்ளையைக் கடித்தவன், சிலேட்டைப் போட்டு உடைத்தவன், பெயர் சொல்லி அழைத்தாலும் வாய் திறவாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டவள் ஆகிய இவர்களெல்லாம் எங்கே போயினர்? முரடன் என்றும், மந்தம் என்றும், அடங்காப் பிடாரி என்றும் ஆறு வயதிலேயே பட்டம் பெற்று, மூன்றாம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ பள்ளியை விட்டு நழுவிப் போயினர். அவர்களது பெயர் நம் உதவித்தொகை விண்ணப்பங்களில் ஒருபோதும் இடம்பெற்றதில்லை.

அத்தகைய பிள்ளைகளை வைத்தே தம் கல்விக் கொள்கை முழுவதையும் கட்டியவர் மாண்டிசோரி அம்மையார். இன்று அவர் பெயரைத் தாங்கிய பலகைகள் கட்டணம் மிகுந்த மழலையர் பள்ளிகளின் வாயிலில் தொங்குவதைக் காண்கின்றோம். ஆதலின் அவர் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தோன்றியவர் என்று நம்மவர் எண்ணுதல் இயல்பே. உண்மை அதற்கு முற்றிலும் மாறானது.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அலெசாண்ட்ரோ, புகையிலைத் தொழிலைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்த அரசு அலுவலர். தாயார் ரெனில்டே, அக்காலத்துப் பெண்களில் அரிதாகக் காணப்பட்ட நூற்பயிற்சி உடையவர். 1875ஆம் ஆண்டில் குடும்பம் ரோம் நகரில் குடியேறிற்று.

பெண்களுக்கு உரியது ஆசிரியப் பணி ஒன்றே என்று கருதப்பட்ட காலம் அது. மரியாவோ பதின்மூன்றாம் வயதில் ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியிலே சேர்ந்தார். பொறியியல் கற்க எண்ணியவர், பின்னர் மருத்துவத்தில் நாட்டங் கொண்டார். தந்தையார் விரும்பவில்லை, தாயார் துணை நின்றார். ரோம் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர்களோடு ஒருங்கிருந்து பிணத்தை அறுத்துப் பார்த்தல் பெண்ணுக்குத் தகாது என்று விதித்தமையால், மற்றவர் சென்ற பின்னர்த் தனியே நின்று அப்பயிற்சியைச் செய்தார். 1896ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதற் பெண் மருத்துவர்கள் சிலருள் ஒருவரானார். அவ்வாண்டிலேயே பெர்லின் நகரில் நடைபெற்ற மகளிர் மாநாட்டில் கலந்துகொண்டு, உழைக்கும் பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான ஊதியம் வேண்டுமென வாதிட்டார். ஒதுக்கி வைக்கப்படுவதன் வலியைத் தாமே உணர்ந்தவர் என்பதை நாம் இங்கே மனத்தில் இருத்த வேண்டும்.

மனநல விடுதியில் கண்டது

பட்டம் பெற்ற பின்னர்ப் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அப்பணியின் பொருட்டு நகரத்து மனநோயாளர் விடுதிகளுக்குச் செல்வார். அங்கே அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் வெறும் அறையொன்றில் அடைக்கப்பட்டிருந்தனர். உணவு உண்டபின் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளை அவர்கள் தேடிப் பொறுக்குவதைக் காவற்பெண் பெருந்தீனி என்று பழித்தாள். அம்மையார் சுற்றுமுற்றும் நோக்கினார். அவ்வறையில் கையால் தொடுவதற்கு வேறு ஒரு பொருளும் இல்லை. குழந்தைகள் தேடியது தீனியை அன்று, விரல்களுக்கு ஒரு வேலையை என்று அவர் உணர்ந்ததாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவர்தம் பிற்காலக் கொள்கை அனைத்திற்கும் வித்து இதுவே. குழந்தையின் செயலைக் குற்றமெனக் கொள்ளுமுன், அதனைச் சூழ்ந்துள்ளது யாது, இல்லாதது யாது என நோக்குதல் வேண்டும் என்பதே அது.

பிரெஞ்சு நாட்டு மருத்துவர்களான இட்டார், செகுவென் ஆகியோரின் நூல்களை அவர் ஆழ்ந்து கற்றார். செகுவெனின் பெருநூலைத் தம் கைப்படவே இத்தாலிய மொழியில் பெயர்த்தெழுதிப் பயின்றார். 1898ஆம் ஆண்டு டூரின் நகரத்துக் கல்வி மாநாட்டில், இக்குழந்தைகளுக்கு வேண்டுவது மருந்தினும் கல்வியே என எடுத்துரைத்தார். 1900ஆம் ஆண்டில் இத்தகையோர்க்கென ஒரு பள்ளி தொடங்கப்பட்டபோது அதன் இணை இயக்குநரானார். பயனற்றவர்கள் எனத் தள்ளப்பட்ட பிள்ளைகளில் சிலர், ஏனைய பள்ளிப் பிள்ளைகளோடு பொதுத் தேர்வு எழுதித் தேறினர். ஊரார் வியந்து பாராட்டினர். அம்மையாரோ, இவர்கள் இத்துணை முன்னேறக் கூடுமாயின், நலமுடைய பிள்ளைகள் இவர்களுக்குச் சமமாகவே நின்றுவிடக் காரணம் யாது என்று சாதாரணப் பள்ளிகளை ஐயுறத் தொடங்கினார்.

அவர் வாழ்வின் துயரம் ஒன்றையும் மறைத்தல் முறையன்று. உடன் பணியாற்றிய மருத்துவர் மொந்தெசானோவுக்கும் அவருக்கும் 1898ஆம் ஆண்டில் மணமின்றியே ஓர் ஆண் மகவு பிறந்தது. அக்காலச் சமூகம் அதனை ஏற்காது. தெரிந்தால் பணியும் போய்விடும். ஆதலால் மகன் மரியோ நாட்டுப்புறத்தில் பிறர் வீட்டில் வளர்ந்தார். ஏறத்தாழப் பதினைந்து வயதிலேதான் தாயிடம் வந்து சேர்ந்தார். ஊரார் குழந்தைகளுக்கு இல்லம் அமைத்த தாய், தம் மகனைத் தம் இல்லத்தில் வைத்து வளர்க்க இயலாதிருந்தார். ஊர்வாய் எத்துணைக் கொடிது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

சான் லொரென்சோ

ரோம் நகரின் ஒரு புறத்தே சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு இருந்தது. கட்டடத் தொழில் நொடித்த காலத்தில் பாதியில் நின்ற கட்டடங்களில் வறியோர் நெருக்கமாகக் குடியேறினர். பின்னர் ஒரு நிறுவனம் அவற்றை வாங்கிச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டது. பெற்றோர் விடியலில் வேலைக்குச் சென்றுவிடுவர். பள்ளி வயதடையாத பிள்ளைகள் பகல் முழுவதும் கேட்பாரின்றித் திரிந்து, புதிதாக வெள்ளையடித்த சுவர்களைக் கெடுத்தும், படிக்கட்டுகளைச் சிதைத்தும் வந்தனர். சுவரைச் செப்பனிடும் செலவைக் கொண்டே இப்பிள்ளைகளை ஓர் அறையில் அமர்த்திக் காக்கலாம் என்று உரிமையாளர் கணக்கிட்டனர். அப்பொறுப்பை ஏற்குமாறு அம்மையாரை அழைத்தனர்.

1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் குழந்தைகள் இல்லம் அங்கே திறக்கப்பட்டது. மூன்று வயது முதல் ஆறு, ஏழு வயது வரையுள்ள ஐம்பது அறுபது பிள்ளைகள் சேர்ந்தனர். அழுத கண்களும் அஞ்சிய முகமுமாய், ஒரு சொல்லும் பேசாதவர்களாய் அவர்கள் முதல் நாள் வந்து நின்றனர். ஆசிரியையாக அமர்ந்தவர் பயிற்சி பெற்றவர் அல்லர். எளிய குடும்பத்துப் பெண்ணே. பழைய ஆசிரிய வழக்கங்கள் அவரிடம் படியாதிருந்தது நன்மையே என்று அம்மையார் கருதினார். நம் மாலை நேர வகுப்புகளில் தொண்டு செய்யும் தம்பியரும் தங்கையரும் இதனை நினைவில் கொள்க.

அவ்வில்லத்தில் நிகழ்ந்த சில செய்திகளைச் சற்று விரித்துரைப்போம்.

உருளைக் கட்டைகளை அவ்வவற்றிற்குரிய குழிகளில் பொருத்தும் விளையாட்டில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி ஈடுபட்டிருந்தாள். அவளைச் சூழ்ந்து மற்றப் பிள்ளைகளைப் பாடச் செய்தும், அவள் அமர்ந்திருந்த நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தும், அவள் கவனம் சிதறவில்லை. நாற்பது முறைக்கு மேல் அதனையே செய்து முடித்து, உறங்கி எழுந்தவள் போல் மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்தாள். சிறு பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் மனம் நிலைக்காது என்னும் பொதுக்கருத்து அன்று பொய்த்தது. தகுந்த வேலை கைக்குக் கிட்டாதபோதுதான் மனம் அலைகின்றது என அம்மையார் தெளிந்தார்.

மற்றொரு நாள் ஆசிரியை சற்றுத் தாழ்ந்து வந்தார். அலமாரி பூட்டப்படாதிருந்தது. பிள்ளைகள் தாமே கருவிகளை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தனர். ஆசிரியை இதனைத் திருட்டு எனக் கருதினார். அம்மையாரோ, தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் அறிவு இவர்களிடம் வந்துவிட்டது எனக் கண்டார். அன்றுமுதல் உயர்ந்த அலமாரி நீங்கிப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தாழ்வான தட்டுகள் வந்தன. ஒரே செயல், ஒருவர் கண்ணுக்குத் திருட்டு. மற்றவர் கண்ணுக்கு வளர்ச்சி. பார்ப்பவர் கண்ணைப் பொறுத்துப் பிள்ளையின் தலையெழுத்து மாறுகின்றது.

மூன்றாவது செய்தி மிகச் சிறியது. ஆயினும் நம் நெஞ்சைத் தொடுவது. அம்மையார் ஒருநாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று பாடம் நடத்தினார். கைக்குட்டையை எப்படி மடித்துப் பிடிப்பது, பிறர் அறியாவண்ணம் மெல்லத் துடைப்பது எப்படி என்று செய்து காட்டினார். பிள்ளைகள் மூச்சடக்கி நோக்கியிருந்து, பாடம் முடிந்ததும் கைதட்டி ஆரவாரித்தனர். ஏன்? ஒழுகும் மூக்கைக் காட்டி அப்பிள்ளைகளை நாள்தோறும் எல்லோரும் பழித்தனர், எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. இழிவுபடுத்தாமல் கற்பித்த முதல் மனிதரை அவர்கள் கைதட்டி வரவேற்றனர். அழுக்கு என்றும் நாற்றம் என்றும் தோல் ஷாப்புக்காரன் பிள்ளை என்றும் வகுப்பறையில் சொல் கேட்டு வளர்ந்த தலைமுறைகளுக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

அடங்காத பிள்ளைக்கு அவர் செய்தது

எவ்வளவு செய்தும் பிறரைத் துன்புறுத்தும் பிள்ளைகள் சிலர் இருக்கத்தானே செய்வர்? அவர்களை அம்மையார் என் செய்தார் என்பதே நாம் ஊன்றி அறியத்தக்கது.

முதலில் அப்பிள்ளையை மருத்துவர் பார்த்தார். உடற்குறை ஏதுமில்லை எனத் தெரிந்தபின், அறையின் ஒரு மூலையில் சிறு மேசை ஒன்றும் வசதியான நாற்காலியும் இட்டு, அவன் விரும்பும் பொருள்களையெல்லாம் அவன்முன் வைத்தனர். மற்றப் பிள்ளைகள் வேலை செய்வது அவன் கண்ணில் படுமாறு இருக்கை அமைந்தது. ஆசிரியை அறைக்குள் வந்ததும் முதலில் அவனிடமே சென்று, நோயுற்ற குழந்தையைப் பேணுவது போல் அன்பு காட்டுவார்; அதன் பின்னரே ஏனையோரிடம் செல்வார். சிறிது காலத்தில் அவனே மற்றவரோடு சேர்ந்து வேலை செய்ய விரும்பினான். நம் பள்ளிகளில் முட்டிபோட வைத்ததையும், பெஞ்சின்மேல் ஏற்றியதையும், வெயிலில் வெளியே நிறுத்தியதையும் இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தனியே அமர்த்துதல் இரண்டிலும் உண்டு. ஒன்று வகுப்பை அவனுக்குக் காட்டுகின்றது. மற்றொன்று அவனை வகுப்புக்குக் காட்டி நகைக்கச் செய்கின்றது.

பரிசும் தண்டனையும் அவ்வில்லத்தில் நாளடைவில் மறைந்தன. நன்னடத்தைக்காகப் பதக்கம் பெற்ற சிறுவன் ஒருவன் வேலையில் மூழ்கியிருந்தபோது பதக்கம் கீழே விழுந்தது. தண்டனையாகத் தனியே அமர்த்தப்பட்டிருந்த மற்றொருவன் அதனை எடுத்து அணிந்துகொண்டு மகிழ்ந்தான். வேலை இருந்தவனுக்குப் பதக்கம் தேவைப்படவில்லை. வேலையின்றி இருந்தவனுக்கே அது தேவையாயிற்று.

பிற்காலத்தில் அவர் இக்கருத்தை மேலும் தெளிவுபடுத்தினார். தடைகளை எதிர்த்து மோதும் வலிய குழந்தைகள் ஒருவகை. அடிப்பது, உடைப்பது, கீழ்ப்படியாமை, ஆத்திரம் இவர்களது அடையாளம். தடைகளுக்குப் பணிந்து ஒடுங்கும் மெலிய குழந்தைகள் மற்றொரு வகை. ஓயாத அழுகை, அச்சம், தாயின் முந்தானையை விடாமை, பொய், உணவு வேண்டாமை இவர்களது அடையாளம். முன்னவரைப் பற்றி எல்லோரும் முறையிடுவர். பின்னவரை நல்ல பிள்ளை, சாதுவான பிள்ளை என விட்டுவிடுவர். இருவரும் துன்பத்தில் உள்ளவர்களே என்றார் அம்மையார். இருவர்க்கும் அவர் கூறிய மருந்தும் ஒன்றே. கையும் மனமும் ஒருங்கே ஈடுபடும் வேலை, ஒழுங்கான சூழல், தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்கும் உரிமை ஆகியவையே அம்மருந்து.

ஒரு குறையையும் நாம் சொல்லியாக வேண்டும். சான் லொரென்சோவில் சுவரில் எழுதி ஒட்டப்பட்ட விதிகளில், அழுக்கோடு வரும் பிள்ளையையும், திருத்த இயலாத பிள்ளையையும் நீக்கிவிடலாம் என்பதும் ஒன்று. அந்த அறையில் நடந்த நற்பணியே அவ்விதிக்கு மறுப்பாயிற்று எனலாம். அம்மையாரிடமிருந்து நாம் கொள்ள வேண்டுவன பல. கொள்ள வேண்டாதது இவ்விதி. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கலாகாது என்கின்றது. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கின்றது. இச்சட்டத்தை நம் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

மெஸ்ஸினாவின் அனாதைகள்

1908ஆம் ஆண்டு டிசம்பரில் இத்தாலியின் தென்கோடியில் மெஸ்ஸினா நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தது. இடிபாடுகளில் தனியே கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ அறுபதுபேர் ரோமுக்குக் கொண்டுவரப்பட்டுக் கன்னியர் மடம் ஒன்றில் வைக்கப்பட்டனர். எவர் பெற்ற பிள்ளை, என்ன பெயர் என்பது கூடப் பலரைப் பற்றித் தெரியவில்லை. அவர்கள் உண்ணவில்லை, உறங்கவில்லை, பகலில் பேச்சற்றுக் கிடந்தனர், இரவில் அலறினர்.

அவர்களுக்கு அம்மையாரின் முறையில் ஓர் இல்லம் அமைந்தது. சிறு மேசைகள், வண்ணத் திரைகள், பூச்செடிகள், அழகிய தட்டுகள் ஆகியவற்றோடு, பரிமாறுவதையும் துடைப்பதையும் ஒழுங்காகச் செய்யும் பயிற்சியும் அளிக்கப்பட்டன. கன்னியர்கள் பொறுமையோடு கற்பித்தனர். மெல்ல மெல்லப் பிள்ளைகளுக்குப் பசி திரும்பிற்று, உறக்கம் திரும்பிற்று, பின்னர் ஓட்டமும் சிரிப்பும் திரும்பின. துயரத்தால் உறைந்துபோன பிள்ளைக்கு அறிவுரை பயன்படாது. நாள்தோறும் மாறாது நிகழும் சிறு சிறு ஒழுங்குகளே அதன் நெஞ்சை மீட்கும் என்பதை அம்மடம் மெய்ப்பித்தது. வீட்டில் சாவு, குடியால் விளையும் சண்டை, ஊர்க் கலவரம் ஆகியவற்றைக் கண்ட பிள்ளை மறுநாட் காலை நம் பள்ளியில் வந்து அமர்கையில், அதன் மௌனத்தை மந்தம் என்று சொல்லாதிருப்போமாக.

உலகமும் இந்தியாவும்

1909ஆம் ஆண்டில் அவர் தம் முறையை விளக்கி வெளியிட்ட நூல் விரைவில் பல மொழிகளில் பெயர்ந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பள்ளிகள் தோன்றின. இத்தாலியில் முசோலினியின் அரசு முதலில் அவர் பள்ளிகளுக்கு ஆதரவளித்தது. அவரும் அதனை ஏற்றார். பிள்ளைகளைப் படைவீரராக வார்க்க அவ்வரசு விழைந்தபோது பிணக்கு முற்றி, அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் குடியிருந்தார், 1936ஆம் ஆண்டு அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து நீங்கி ஹாலந்து சென்றார்.

1931ஆம் ஆண்டில் இரண்டாம் வட்டமேசை மாநாட்டிற்காக அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் இலண்டனில் இருந்தனர். அதே மாநாட்டிற்கு வந்த காந்தியடிகள் அங்கே மாண்டிசோரி அம்மையாரைச் சந்தித்து, இக்கல்வி ஏழை மக்களின் பிள்ளைகளுக்கும் கிட்ட வேண்டும் என்னும் விருப்பத்தைத் தெரிவித்தார். ஏழைப் பிள்ளைகளிடமிருந்தே பிறந்த கல்வியை ஏழைப் பிள்ளைகளுக்குத் திருப்பித் தருமாறு கேட்க வேண்டிய நிலை அதற்குள் வந்துவிட்டிருந்தது.

1939ஆம் ஆண்டு நவம்பரில், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேல் அழைக்க, அம்மையார் மகன் மரியோவுடன் சென்னை அடையாறு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 69. தென்னங்கீற்றுக் கொட்டகைகளில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார். கர்னல் ஆல்காட் 1894ஆம் ஆண்டு முதல் நம் மக்களுக்கென இலவசப் பஞ்சமர் பள்ளிகளை நடத்தியதும் அடையாற்றைச் சுற்றித்தான் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

1940ஆம் ஆண்டு சூன் மாதம் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு மரியோவைச் சிறை வைத்தது. அம்மையாரை அடையாற்றை விட்டு வெளியேறாவண்ணம் கட்டுப்படுத்தியது. ஆகஸ்டு 31ஆம் நாள் அவருடைய எழுபதாம் பிறந்த நாளன்று மரியோ விடுவிக்கப்பட்டார். அவரை மகன் என்றே அரசு குறிப்பிட்டதாகக் கூறுவர். ஊருக்கு அஞ்சி நாற்பது ஆண்டுகள் மறைத்த உறவு நம் மண்ணில் வெளிப்பட்டது.

பின்னர் கொடைக்கானலில் தங்கிப் பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் பயிலும் பள்ளியை நடத்தினார். இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றனர். அகமதாபாத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து உருவான பெருநூல் 1949ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றிலேயே அச்சாயிற்று. 1946ஆம் ஆண்டில் ஐரோப்பா சென்றவர், அடுத்த ஆண்டே இந்தியா திரும்பி, 1949ஆம் ஆண்டு வரை பணியாற்றினார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், தம் 81ஆம் வயதில் ஹாலந்து நாட்டில் இயற்கை எய்தினார்.

நம் மண்ணில் அவர் விதை

அம்மையார் நம் வேலூர்ப் பகுதியில் பள்ளி நடத்தினார் அல்லர். ஆயினும் அவர் எண்ணம் இங்கே ஒரு வழியில் வந்து சேர்ந்தது. 1990களில் வேலூர் மாவட்டத்தில் கொத்தடிமை வேலையிலிருந்து மீட்கப்பட்ட சிறார்க்கெனச் சிறப்புப் பள்ளிகள் ஏற்பட்டன. பீடி சுற்றியும் பிற தொழில்களில் உழன்றும் வந்த அப்பிள்ளைகளுக்குக் கைகட்டி அமர்ந்து பாடம் கேட்கும் வகுப்பறை ஒத்துவரவில்லை. எனவே மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியில் நடந்த செயல்வழிக் கல்வியைக் கண்டு அதன் வழியில் கற்பிக்க முயன்றனர். பாட அட்டைகள், கைக்கெட்டும் தட்டுகள், தரையில் வட்டமாக அமர்தல், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் கற்றல் ஆகியவற்றில் மாண்டிசோரியின் சாயல் தெளிவாகவே உண்டு. இம்முயற்சியின் தொடர்ச்சியாகவே 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் பரவிற்று. பின்னர் அது பலவாறு மாற்றம் பெற்றதாயினும், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் துன்பத்திலிருந்து எழுந்த முறை மாநிலம் முழுவதற்கும் பயன்பட்டது என்பது வரலாறு.

சான் லொரென்சோவையும் நம் ஊர்களையும் அருகருகே வைத்துக் காண்போம். விடியலில் கம்பெனிப் பேருந்து ஏறி ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குச் செல்லும் தாய்மார். சுண்ணாம்புத் தொட்டியிலும் டிரம்மிலும் உழைத்துக் களைத்து மாலையில் திரும்பும் தந்தையர். இடைப்பட்ட பொழுதில் தெருவே வீடாக வளரும் பிள்ளைகள். சுவரைக் கெடுத்த ரோம் நகரப் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு மிகுதியில்லை. ஒன்று மட்டும் உண்டு. அங்கே வறுமை மட்டும் இருந்தது. இங்கே வறுமையோடு சாதியும் சேர்ந்து வகுப்பறைக்குள் நுழைகின்றது. தனிக் கோணியில் அமர்த்தப்பட்ட சிறுவன் அம்பேத்கரின் வரலாற்றை அறிந்த நாம், ஒரு பிள்ளையின் ஆத்திரத்திற்குள் ஓர் அவமதிப்பு மறைந்திருக்கலாம் என்பதை மற்றவரினும் விரைந்து உணர வேண்டும்.

எனவே நம் தொண்டர்களுக்கும் பெற்றோர்க்கும் சில சொல்வோம். பிள்ளை அடங்கவில்லை என்று பள்ளியிலிருந்து செய்தி வந்தால், வீட்டில் அடிப்பதற்கு முன் கேளுங்கள். காலையில் உண்டானா? இரவில் உறங்கினானா? கண்ணும் காதும் நன்றாக உள்ளனவா? எவரேனும் அவனைச் சாதிப் பெயரோ தொழிற் பெயரோ சொல்லி இழித்தனரா? அரசு மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். துன்பம் நீடிக்குமாயின், வேலூர் பாகாயத்தில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் குழந்தைகளுக்கென்றே நம்பிக்கை நிலையம் என்னும் பிரிவு உள்ளது. அங்கே செல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. மனநல மருத்துவரிடம் செல்வது பைத்தியம் என்று ஒப்புக்கொள்வது அன்று; காய்ச்சலுக்கு மருந்து வாங்குவது போன்றதே.

மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களே, விலையுயர்ந்த மாண்டிசோரிக் கருவிகள் நமக்கு வேண்டுவதில்லை. புளியங்கொட்டை, மணல் ஒட்டிய எழுத்தட்டை, தோல் கம்பெனியில் கழித்த துண்டுகளில் சுத்தமானவை, மூடியுள்ள சிறு டப்பாக்கள், தண்ணீர் ஊற்றிப் பழகச் சிறு சொம்பு ஆகியவையே போதும். அவற்றைப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே வகையில் முடியுங்கள். அடங்காதவனுக்கு முதல் வணக்கம் சொல்லுங்கள். பேசாதவளுக்கு வேலை ஒன்று கொடுத்துக் காத்திருங்கள். எந்தப் பிள்ளைக்கும் பட்டப்பெயர் சூட்டாதீர்கள்.

நம் கழகத்தின் முதல் 25 ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளி வாயிலில் தொடங்கின. அடுத்த 25 ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பின் வாயிலில் தொடங்கட்டும். ஆண்டு விழாவில் தேறியோர் பட்டியலை வாசிக்கும்போது, அவ்வாண்டு பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சேர்த்து வாசிக்க நம் பொதுக்குழு முடிவு செய்யட்டும். அந்த எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து ஒழியும் நாளே நம் கழகத்தின் மெய்யான பொன்விழா ஆகும்.

வளர்க நம் பிள்ளைகள்! வெல்க கல்வி!